செவலை முதுகில் நான் போட்ட சுழி

என் மேல் தீராத கோபத்தில் இருக்கும் மாப்பிள்ளை திருமலைசாமி அவர்களுக்கு,

கணபதியிலிருந்து உங்கள் மச்சான் அங்கப்பன் பணிவுடன் எழுதுவது. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். உங்கள் நலமும், என் தங்கை மயிலாத்தாள் நலமும், தென்னைகளின் நலமும் அறிய ஆவல். செவலை மாட்டின் நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

பம்பு கம்பெனியில் காலமெல்லாம் மோட்டார் படம் வரைந்த கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருந்ததா? ஆடு, மாடு, கோழி, களத்துமேடு என்று பென்சிலோடு இறங்கிவிட்டது. என் சேவலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "குழாய் நல்லா வந்திருக்குதுங்க" என்றார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். போன மாதம் உங்கள் தோட்டத்தில் செவலையை வரைந்தேன். முகம் எனக்கு வராது என்பதால் பின்பக்கமாக உட்கார்ந்து வரைந்தேன். படத்தில் முதுகின் மேல் காபி சொட்டிவிட்டது. ரப்பரால் தேய்த்தேன், தாள் நைந்தது. அதை மறைக்கச் சுழற்றிச் சுழற்றி ஒரு வட்டம் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அழகில்லையே என்று, கம்பெனிப் பழக்கத்தில், மறுபக்கமும் அளந்து இன்னொன்று போட்டுவிட்டேன்.

மாடு பார்க்க ஆளில்லை என்று நீங்கள் செவலையை விற்கத் துணிந்தீர்கள். மயிலாத்தாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வாங்க நினைத்த பெரியநாயக்கன்பாளையம் நரசிம்மலு, உங்கள் தோட்டம் வரை வருவதற்கு முன் மாட்டின் போட்டோ கேட்டு என் வீட்டுக்கு வந்தார். போட்டோவை எந்தப் பயலும் எடுப்பானே! படத்தை நீட்டினேன்.

"தத்ரூபமா இருக்குதுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தவர், "ஏனுங்க, முதுகுல ரெண்டு பக்கமும் சுழி, இது பாடைச்சுழி இல்லீங்களா? இந்த மாட்டைக் கட்டுனா ஊட்டுல எழவு உழுகுமுங்களே!" என்று அலறினார்.

காபிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். ஆனால் தத்ரூபம் என்று சொல்லிவிட்டாரே மாப்பிள்ளை, வாய் வருமா? "கண்ணுல பட்டதைத்தானுங்க நான் வரைவேன்" என்று சொல்லிப்போட்டேன். மனிதர் திரும்பிப் பார்க்காமல் போனார். சேதி உடுமலைப்பேட்டை சந்தை வரை போய்விட்டதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் மாடு வரையப் போய்ப் பாடை கட்டிவிட்டேன்.

இனிமேல் பென்சிலைத் தொட்டால் என் பேர் அங்கப்பன் இல்லை. மாரியம்மன் உங்கள் வீட்டையும் கால்நடைகளையும், முக்கியமாக என் கையிலிருந்து, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்
அங்கப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மயிலாத்தாள் போன் செய்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணா, செவலை நம்ம ஊட்டுலயே நின்னுக்கிச்சுங்ணா! அடுத்த வாரம் காரி மாட்டைப் பாக்க ஆள் வாராங்களாம். அதுக்கும் அதே மாதிரி ரெண்டு போட்டு வரைஞ்சு குடுங்ணா. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். இத்தனை படம் வரைந்திருக்கிறேன், ஒருவர் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல். எப்படி மாட்டேன் என்பது? பென்சிலைச் சீவிவிட்டேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருக்கிறாள், அதனால் இந்தப் பின்குறிப்பை மட்டும் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடவும்.