ஆறு நிமிடம் அழுந்திக் கிடந்த பொத்தான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நான் நீங்கலாக. அங்கும் நலமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரும் ரேடியோவில் பேசுவதில்லை.

சைக்கிள் கடை மாடியில் இருக்கும், சொந்த செட்டில் ஊர் ஊராகப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ கிளப்பில் முதலில் சேர்ந்தவன் நான். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். உங்கள் தங்கை அங்கு வந்தது நான் மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க. கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுத்துக்கு ஒரு தட்டல் வரிசை என்று வரும் மோர்ஸ் ஒலிகளை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே நூல் எங்கே சிக்கியது என்று சொல்பவள், கேட்கக் கேட்க எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "மேடம் உங்ககிட்ட கத்துக்கிட்டாங்களா சார்?" என்றார் பயிற்சியாளர். ஆமாம் என்றேன். பொய்.

ரேடியோவில் பேச உரிமம் தரும் அரசாங்கத் தேர்வில் அவள் தேறினாள். நான் இல்லை. மறுபடி எழுதினேன். முடிவு வரவில்லை என்று அவளிடம் சொல்லி இரண்டு மாதமாகிறது. உரிமம் இல்லாதவன், உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் பேசலாமாம். இந்த வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான். இப்போது அரசாங்கமும் சேர்ந்துகொண்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிளப் செயலாளர் ஒருவர் இருக்கிறார், மருந்துக் கடைக்காரர். அவள் வீட்டில் வாங்கி வைத்திருக்கும் ரேடியோ செட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். நான்கு நிமிடம் மழையைப் பற்றியே பேசுவார். பேசி முடித்தாயிற்று என்று அவர் "ஓவர்" சொல்லும்வரை உங்கள் தங்கை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். பதினான்கு வருடத்தில் என் வாக்கியம் ஒன்றை அவள் முடிக்க விட்டதில்லை. "சரி சரி, புரிஞ்சிடுச்சு" என்பாள்.

"அவருக்கு மட்டும் என்ன இவ்வளவு மரியாதை?" என்று கேட்டே விட்டேன்.

"நடுவுல பேசினா அவர் சொல்றது கேக்காதுங்க."

"நான் பேசறப்ப?"

"நீங்க எங்க போயிடப் போறீங்க."

இன்று காலை அவள் கிளப்புக்குப் போயிருந்தாள். வந்ததும் என்ன கேட்பது என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து தனியாகப் பேசிப் பார்த்தேன். வகுப்பறைக் குரலில். செயலாளரின் பேச்சு தேன் தடவிய விளக்கெண்ணெய் என்றேன். இரண்டாம் முறையும் தோற்றதைச் சொன்னேன். அவளுக்கு வருவது எனக்கு வரவில்லை, வயிறு எரிகிறது என்றும் சொன்னேன். எழுந்தபோதுதான் பார்த்தேன். மேசையிலிருந்து நழுவிய மைக், நாற்காலிக் கைக்கும் என் தொடைக்கும் நடுவில். பேசும் பொத்தான் ஆறு நிமிடமாக அழுந்திக் கிடந்திருக்கிறது. ஒருவர் அதை அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் கேட்கத்தான் முடியும். கிளப்பில் செட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மைக்கை விடுவித்ததும் செட்டில் செயலாளரின் குரல்.

"சார், ரொம்பத் தெளிவா கேட்டுச்சு. இங்க பதினோரு பேர் இருக்கோம். மேடம் கிளம்பிட்டாங்க. ஓவர்."

பதில் சொல்ல எனக்கு உரிமம் இல்லை.

ஆகவே மச்சான், மூத்தவர் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அந்தப் பெட்டியை மூட்டை கட்டச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். உங்கள் குழந்தைகள் தேர்வு எதிலும் தோற்காமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மானம் போன மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செயலாளரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டாவது தடவையும் போயிடுச்சா?" என்றாள். தலையாட்டினேன். "அதை என்கிட்ட சொல்றதுக்கு ஊரைக் கூட்டணுமா?" என்றாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் விரலால் தட்டி, "இது என்ன எழுத்து?" என்றாள். தப்பாகச் சொன்னேன். மறுபடி தட்டினாள். ஒன்பது எழுத்து ஆகியிருக்கிறது. நீங்கள் வர வேண்டாம் மச்சான். வந்தால் பாடம் கெடும்.