திருப்பிக் கொடுக்க வேண்டிய லென்ஸ்

“இன்னும் ஓரடி பின்னால வச்சீங்கன்னா பாத்திரம் கழுவுற தொட்டிக்குள்ளதான் உக்காரணும்,” என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆடிட்டர் அந்த ஓரடியையும் வைத்தார். முதுகு இடித்து, கழுவி அடுக்கியிருந்த தட்டுகள் சரிந்தன.

அவர் கேமராவில் மாட்டியிருந்தது பிரைம் லென்ஸ். படம் பளிச்சென்று விழும். ஆனால் ஆளும் அடுப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் எடுப்பவர்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஜூம் லென்ஸ் என்றால் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருகினால் போதும். அது என்னவோ கல்லாட்டம் கனம், வெளிச்சம் குறைந்தால் படமும் மங்கல்.

கடைக்காரர் இரண்டையும் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் முடிவுகளில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர் அவர். தாமே ஒரு முடிவெடுக்க வேண்டும், அதில் யாரும் ஒரு சொட்டை சொல்லக் கூடாது என்பது ஆசை. பாவம், வேறொன்றும் கேட்கவில்லை.

“பிரைமே இருக்கட்டும்,” என்றார், தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

“நல்லது. ஆனா மரத்து உச்சியில ஒரு குருவி உக்காந்தா என்னங்க பண்ணுவீங்க? ஏறுவீங்களா?”

நியாயமான கேள்வி. ஜூமை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். குருவிக்கு மரம் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தது. வளையத்தைத் திருகிக் குறி பார்த்தபோது, எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“ஏன் சார், எங்க வீட்டுத் துணியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

“துணி இல்லம்மா, குருவி...”

“எந்தக் குருவி?”

அது பறந்து போய் வெகுநேரமாகியிருந்தது.

தூர நின்றதால்தானே வம்பு என்று பிரைமுக்கு மாறினார். தெருமுனைத் தையல்காரரை மூக்குக்கு மூக்கு நெருங்கி எடுத்தார். திடுக்கிட்டதில் அவர் கத்தரிக்கோல் கோணலாக ஓடிவிட்டது.

“யார் துணிப்பா அது?”

“உங்க எதிர்வீட்டம்மாவோடது சார். நீங்களே சொல்லிடுங்க.”

வியர்க்க விறுவிறுக்க வீடு திரும்பினார். “ஜூம்தான். தூர நின்னா திட்டோட போயிடும்.”

“சரிதான். வெயில் தாழ்ந்தா அதுல படம் விழுமான்னு பாத்தீங்களா? பூங்கா வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்.” தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்தாள்.

பூங்காவில் ஓடியாடிய குழந்தைகளெல்லாம் ஜூமில் புகையாகத்தான் விழுந்தார்கள். ஆடிட்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் போனால் இன்னொரு கேள்வி வரும் என்று பயந்து நேரே கடைக்கு நடந்தார்.

“பிரைம்தான். முடிவுன்னா முடிவு,” என்று ஜூமை மேசைமேல் வைத்தார். மனசு லேசாகிவிட்டது.

கடைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

“இது என்ன?”

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சார். நிதானமா வச்சுப் பழகிப் பாருங்க.”

“நான்தான் முடிவு பண்ணிட்டேனே?”

“அதுக்குத்தான் சார் உங்க வீட்டம்மா பயந்தாங்க. ‘அவர் முடிவு பண்ணிட்டார்னா மறுபடியும் என் அடுப்படியை ஆடிட் பண்ண உக்காந்துடுவார், எப்படியாவது குழப்பி விடுங்க’ன்னு காலைலயே போன் பண்ணிட்டாங்க.”