செனட்டர் விசாரிக்காத வழக்கு

“சனிக்கிழமை, மாசி மாதம், பிற்பகல் இரண்டேகால். வெளியே ஈரப்பனி. வந்திருந்த பெற்றோர் பதினொரு பேர். எடுத்துக்கொண்ட விடயம்: அமெரிக்கப் பெண் வேட்பாளர் ஒருவரின் சிரிப்பைப் பற்றி ஓர் ஆண் அரசியல்வாதி சொன்னது. செனட்டரின் தீர்ப்பு: செக்சிசம், ஓம். இனவாதம், இன்னும் இல்லை, வாசலில் நிற்கிறது. கடதாசிக் கோப்பைகள் முடிந்துவிட்டன.”

இது எனது குறிப்பேட்டில் உள்ளது. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் சனிக்கிழமைகளில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு நான் செயலாளர். கிழமை, நேரம், காலநிலை, வந்தவர் தொகை ஆகிய நான்கும் இல்லாமல் எதையும் எழுதமாட்டேன். ஆகவே கீழே சொல்வதை வாசகர்கள் நம்பலாம். ஓர் இடத்தில் மட்டும் எனது குறிப்பு பிழை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

டென்மார்க்கில் இருந்துகொண்டு அமெரிக்காவை முழுநேரமாக ஆண்ட ஒரே தமிழர் செனட்டர்தான். பகலில் ஒரு சலவை ஆலையில் துணி மடிப்பார். மிச்ச நேரமெல்லாம் அமெரிக்கா. ஐம்பது மாநிலங்களின் தலைநகரங்களையும் மூச்சுவிடாமல் சொல்லுவார். தன் வீட்டுக் குப்பையை எந்தக் கிழமை எடுக்க வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்காவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. “போனா ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவன் ஐசே. நீதிபதி தூரத்திலதான் இருக்கோணும்” என்பார்.

பட்டம் வந்த கதை இது. அமெரிக்க மேல்சபை உறுப்பினர், அதாவது செனட்டர், ஒருவர் தொலைக்காட்சியில் பேசிய பேச்சில் இரண்டு இனவாதமும் ஒரு செக்சிசமும் இருப்பதாக இவர் கண்டுபிடித்து, நாலு பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதி அனுப்பினார். அலுவலகத்தில் இருந்து ஓர் அச்சடித்த பதில் வந்தது: தாங்கள் எமது மாநிலத்தில் வசிப்பவர்தானா என்பதை உறுதிப்படுத்தவும். அவர் உடனே பதில் போட்டார்: “வசிக்கவில்லை. ஆனால் கவலைப்படுகிறேன்.” அதற்குப் பிறகு பதில் இல்லை. வந்த கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு ஆள் தெரியாது.

அவருக்கு நீதிமன்றம் பள்ளிச் சாப்பாட்டு மண்டபம். பிள்ளைகள் உள்ளே இரண்டு மணித்தியாலம் தமிழ் படிக்க, அப்பாமார் வெளியே இருந்து நாட்டைத் திருத்துவோம். அம்மாமார் தேத்தண்ணி ஊற்றி, கேக் வெட்டி, கடைசியில் மேசை துடைப்பார்கள். இது எவரும் தீர்மானம் எடுத்து வைத்த ஒழுங்கு அல்ல. அதனால் எனது குறிப்பேட்டிலும் இல்லை.

செனட்டரின் விசாரணை முறை ஒன்றுதான். இரண்டு கடதாசிக் கோப்பைகளை எடுப்பார். ஒன்றில் சொன்னவரின் பெயரையும் மற்றதில் சொல்லப்பட்டவரின் பெயரையும் பேனையால் எழுதுவார். பிறகு இடம் மாற்றி வைப்பார். “இப்ப அதே வசனத்தை அங்காலயிருந்து சொல்லு. வாய் வருதோ? வந்தா அது வெறும் வாய்ச்சண்டை. வராட்டில் அது இனவாதம், இல்லாட்டி செக்சிசம்.” பெயர் எழுதிய கோப்பையில் யாரும் குடிக்கக்கூடாது, அது சான்றுப் பொருள். இதனால் தேர்தல் ஆண்டுகளில் எங்கள் சங்கத்துக்குக் கோப்பை கட்டுப்படியாகவில்லை.

பஸ் ஓட்டும் வரதன்தான் எதிர்த்தரப்பு.

“அண்ணை, அந்த மனிசியின்ர சிரிப்பு உண்மையாவே காது கிழியுது. உண்மையைச் சொன்னா செக்சிசமே?”

“சரி. இவ்வளவு காலத்தில ஒரு ஆம்பிளை வேட்பாளரின்ர சிரிப்பை நீர் எப்பவாவது கேட்டனீரோ?”

“கேட்டிருப்பன்.”

“எப்பிடி இருந்தது?”

வரதன் யோசித்தார். “ஞாபகம் இல்லை.”

“அதுதான் ஐசே வழக்கு” என்று செனட்டர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்தால் தீர்ப்பு முடிந்தது.

எல்லாவற்றையும் குற்றம் என்று சொல்லுகிற ஆளும் இல்லை. வெள்ளையர் அல்லாத அமெரிக்க வேட்பாளர் ஒருவரை எதிர்க்கட்சி முட்டாள் என்றது. மண்டபமே இனவாதம் என்று கத்தியது. செனட்டர் கோப்பைகளை மாற்றிப் பார்த்தார், திரும்பவும் மாற்றிப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார். “விடுதலை. அந்தாள் உண்மையில மடையன்தான். எந்தப் பக்கம் வைச்சாலும் மடையன்.”

இன்னொரு நாள் ஒரு கறுப்பின வேட்பாளரை ஒருவர் புகழ்ந்திருந்தார்: எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று. புகழ்ச்சியில் என்ன குற்றம் என்று வரதன் கேட்டார். செனட்டர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

“நான் இஞ்ச வந்து முப்பது வருசம். எங்கட ஆலைக்குப் புதுசா ஒரு பொடியன் வந்தான், டேனிஷ் பொடியன். முதல் நாள் எனக்குச் சொன்னான், உங்கட டேனிஷ் நல்லா இருக்கு எண்டு. நான் என்ன சொன்னன் தெரியுமே?”

“என்ன?”

“உம்மடையும் பரவாயில்லை எண்டு.”

மண்டபம் சிரித்தது. செனட்டர் சிரிக்கவில்லை. “அவன் நல்ல பொடியன். பாவம், ஒண்டும் விளங்கேல்லை” என்றார். அந்தக் கோப்பையை அவர் கவிழ்க்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை; பக்கவாட்டில் படுக்க வைத்தார். குறிப்பேட்டில் “தீர்ப்பு ஒத்திவைப்பு” என்று எழுதினேன்.

இனவாதம் என்ற சொல்லை நாங்கள் ஊரில் இருந்து வரும்போதே கொண்டுவந்தோம். அதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. செக்சிசம், அதாவது பெண் என்பதாலேயே ஒருவரைக் குறைத்துப் பேசுவது, இங்கே வந்து பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் கற்றது. ஆனால் இரண்டுமே வேறு யாரோ செய்வது என்பதில் அந்த மண்டபத்தில் ஒருநாளும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

பிறகு பங்குனி மாதப் பொதுக்கூட்டம் வந்தது.

இந்த நாட்டில் எந்தச் சங்கமும் பொதுக்கூட்டத்தை நடத்தப் பொதுவான ஓர் ஆளைத் தெரிவுசெய்ய வேண்டும். யாருக்குப் பேச நேரம், எது விடயத்துக்குள் வரும், எது வராது என்பதெல்லாம் அவர் கையில். எங்களுக்கு அது எப்போதும் செனட்டர். கழுத்துப்பட்டி கட்டி, அதன் மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்.

அந்த வருடம் சங்கத் தலைமைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வரதன். மற்றவர் ரதி. ரதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிப்பவர். மூன்று வருடமாக விளையாட்டுப் போட்டியைத் தனி ஆளாக நடத்தியவர். தலைமைக்கு ஒரு பெண் நின்றது அதுதான் முதல் தடவை. தான் ஓடி ஓடிக் கட்டிய பள்ளி, அதை ஒழுங்காக நடத்த ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் பேச்சு எதுவும் ஆற்றவில்லை.

கேள்வி நேரம் தொடங்கியது.

“ரதியின்ர குரல் கொஞ்சம் உறைப்பு. சபைக்கு ஒத்துவராது” என்றது ஒரு குரல்.

“சின்னப் பிள்ளையள் ரெண்டு, அதுக்குள்ள ஷிஃப்ட் வேலை. எப்பிடிச் சமாளிப்பா?” என்றது இன்னொன்று.

பிறகு பின்வரிசையில் இருந்து மெல்லமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, மூன்றாவது: “அதை விடுங்கோ. அவை எந்தப் பகுதி ஆக்கள் எண்டு தெரியும்தானே.”

பகுதி என்றால் எங்கள் பேச்சில் சாதி. அதற்கு மேல் எதையும் விளக்கத் தேவையில்லாத சிரிப்பு ஒன்று இரண்டு வரிசைகளுக்குப் பரவி அடங்கியது. எல்லோரும் செனட்டரைப் பார்த்தோம். ரதியும் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருக்கவில்லை. செனட்டர் இருக்கிறார் என்ற தைரியம் இருந்தது. இத்தனை வருடமும் கேக் வெட்டிக்கொண்டே எங்கள் விசாரணைகளைக் கேட்டவர் அல்லவா.

செனட்டர் தாள்களைத் தட்டி அடுக்கினார். “உது எங்கட ஆக்களுக்குள்ள உள்ள கதை. உது விடயத்துக்குள்ள வராது. அடுத்தது, வாக்கெடுப்பு.”

ரதி எழுந்தார். தேத்தண்ணி மேசைக்குப் போய் இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றில் தன் பெயரையும் மற்றதில் வரதனின் பெயரையும் எழுதி, செனட்டருக்கு முன்னால் வைத்தார். பிறகு இடம் மாற்றினார்.

“அண்ணை, வரதண்ணைக்கும் ரெண்டு பிள்ளையள். அவருக்கும் ஷிஃப்ட். குரலும் சின்னக் குரல் இல்லை. இனி அந்த மூண்டாவதையும் அவரைப் பாத்துக் கேக்கச் சொல்லுங்கோ. வாய் வருதோ எண்டு பாப்பம்.”

வரதன் நிலத்தைப் பார்த்தார். செனட்டர் கோப்பைகளைத் தொடவில்லை. அவருடைய கை மேசைக்குக் கீழே இருந்தது.

“நேரம் போகுது, பிள்ளை” என்றார்.

ரதி நான்கு வாக்குகளால் தோற்றார். அன்று மாலை நான் எழுதிய கூட்டக்குறிப்பு இது: “கேள்விகளோ ஆட்சேபனைகளோ இன்றித் தெரிவு நடைபெற்றது.” கிழமை சரி, நேரம் சரி, காலநிலை சரி. நான் மேலே சொன்ன பிழை அதுதான்.

அடுத்த சனிக்கிழமை ரதி வரவில்லை. பிள்ளைகளும் வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை. கோடை விடுமுறைக்கு முன்பே மேற்குக் கரையில் உள்ள எஸ்பியர்க்கில் வேலை எடுத்துக்கொண்டு குடும்பமாகப் போய்விட்டார்கள்.

செனட்டர் வந்தார், தன் கதிரையில் இருந்தார். அந்தக் கிழமை அமெரிக்காவில் பெரிய வாய்ச்சண்டை ஒன்று. வேறு நேரமென்றால் இரண்டு பெட்டி கோப்பை போதாது. வரதனுக்கே மனம் சரியில்லை. பழையபடி ஏதாவது தொடங்கினால் நல்லது என்று நினைத்திருப்பார்.

“செனட்டர், அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னதைக் கேட்டியளே?”

“கேட்டன்.”

“என்ன தீர்ப்பு?”

“எனக்கு அமெரிக்காவைப் பற்றி ஒண்டும் தெரியாது ஐசே” என்றார் செனட்டர்.

பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். அம்மாமார் தடுத்தார்கள், அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தேத்தண்ணி அவர் பொறுப்பு. அதைக் குடித்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. இஞ்சியைத் துருவாமல் முழுசாகப் போடுவார். சீனி போட்டதை மறந்து திரும்பவும் போடுவார். கேக்கை வெட்டச் சொன்னால் அளவுகோல் வைத்து அளந்து, பிள்ளைகள் வகுப்பு முடிந்து வந்த பிறகும் வெட்டிக்கொண்டு நிற்பார். மேசை துடைக்கும்போது கழுத்துப்பட்டி ஈரத்தில் தோயும். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு என் வீட்டுக்கு வந்தார். மழை. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“செக்ரட்டரி, அந்தக் குறிப்பை மாத்த ஏலுமே?”

“ஏலாது அண்ணை. அங்கீகரிச்ச குறிப்பு. பொதுக்கூட்டம்தான் திருத்தலாம். பங்குனி வரைக்கும் பொறுங்கோ.”

“சட்டமே?”

“சட்டம்தான்.”

“நல்ல ஆள் நீர்” என்றார். பாராட்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. “அப்ப பங்குனியில ஒரு வரி போடும். கூட்டத்தை நடத்தினவர் பிழை விட்டவர். கேக்கவேண்டிய இடத்தில கேக்காமல் விட்டவர். அவ்வளவு காணும்.”

பங்குனிக்கு அவர் இருக்கவில்லை. தை மாதம், ஒரு புதன்கிழமை, வேலைக்குப் போக சைக்கிளை எடுத்தவர் வாசலிலேயே விழுந்துவிட்டார். இதயம். அந்த வரியை நான் பொதுக்கூட்டத்தில் வாசித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வரதன் ஆதரித்து முதல் ஆளாகக் கை உயர்த்தினார். எனது பெயரில் இன்னொரு வரியும் சேர்த்தேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செத்தவீட்டுக்கு ரதி வரவில்லை. ஆனால் எட்டாம் நாள் சடங்குக்குப் போயிருந்தபோது செனட்டரின் மனைவி மலர் அக்கா ஒன்று சொன்னார்.

“தம்பி, மார்கழியில ஒரு ஞாயிறு பயத்தம் பணியாரம் சுடச்சொல்லிக் கேட்டவர். ஒரு பெட்டி நிறைய. எஸ்பியர்க்குக்கு ரயில் ஏறுறன் எண்டார். ஏன் எண்டு கேட்டன். ஒரு வழக்கு எண்டார்.”

“பிறகு?”

“பின்னேரம் வந்தார். பெட்டி இல்லை. ரதியைக் கண்டியளே எண்டு கேட்டன். அங்க காத்து பயங்கரம் எண்டுட்டுப் படுத்திட்டார்.” மலர் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “அந்தாள் பணியாரம் எண்டா உயிரை விடும். வழியில இருந்து எல்லாத்தையும் தின்னவும் கூடிய ஆள்தான்.”

நான் ரதிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதில் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவதில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி விசாரித்தேன். பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

எனவே குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: மார்கழி, ஞாயிற்றுக்கிழமை, கடும் காற்று, செனட்டர் எஸ்பியர்க் சென்றார். ரதியின் கதவைத் தட்டினாரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. தட்டியிருப்பார் என்று எழுத இரண்டு தடவை பேனையை எடுத்தேன். என் வாழ்க்கையில் சான்று இல்லாமல் ஒரு வரி எழுத ஆசைப்பட்டது அந்த மனிதருக்காக மட்டும்தான்.