முப்பத்திரண்டு ஜிபி சகலை

"நாலா? நாலுலயா ஓடுது? மூணு வருஷமாவா?" என்றார் சகலை.

கேட்டுவிட்டு, வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே பாதியில் நிறுத்திக்கொண்டார். மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் முன்னால் இப்படி ஒரு கேள்வி. மூத்த மாப்பிள்ளை சிக்கனத்துக்குக் காது சூடாகிவிட்டது.

சிக்கனம் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். பஸ் டிக்கெட் விற்கும் கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். டிக்கெட் அப்ளிகேஷன் ஓடும்போது தன் சாமான்களைப் பரப்பிக்கொள்ள மெமரியில் ஓர் இடம் வேண்டும். அதற்கு ஹீப் என்று பேர். இதற்குமேல் பரப்பாதே என்று ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும். சிக்கனம் ஒரு மாதம் உட்கார்ந்து அளந்து பார்த்து நாலு ஜிபி வைத்தார். அன்றிலிருந்து அப்ளிகேஷன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர், வேறு கம்பெனியில் இதே வேலை பார்க்கிறார். அவர் வைத்திருப்பது முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டா!" என்றார் மாமனார். ஹீப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. முப்பத்திரண்டு பெரிது என்று தெரியும். மூத்த மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "பரவால்ல மாப்பிள்ளை, போதும்னு நினைக்கிறதும் நல்ல குணம்தான்" என்றார்.

ஆறுதலாம்! சிக்கனத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எதுக்கு இப்படி உர்ருனு வரீங்க?" என்றாள் மனைவி, வீடு திரும்பும் வழியில்.

"உங்கப்பாவுக்குச் சின்னவர்தான் மாப்பிள்ளை."

"உங்களுக்குத்தானே ரெண்டாம் தடவை சோறு வச்சார்?"

"நாலு ஜிபி ஆளாச்சே, வயிறாவது நிறையட்டும்னு வச்சிருப்பார்."

திங்கட்கிழமை முதல் வேலையாக நாலை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டார். சர்வரில் இருப்பது மொத்தமே பதினாறு. ஒரு மணி நேரம் ஜோராக ஓடியது. அடுத்த ஞாயிறு எந்தப் பேச்சுக்கு நடுவே 'பன்னிரண்டு' என்று நுழைக்கலாம் என்று சிக்கனம் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பிடித்தது சனி. அப்ளிகேஷன் தன் குப்பையைத் தானே அவ்வப்போது கூட்டிக்கொள்ளும். கூட்டி முடிக்கும்வரை மற்ற வேலையெல்லாம் நிற்கும். இதுவரை ஓர் அறையைக் கூட்டியது, இப்போது ஒரு மண்டபத்தையே கூட்ட வேண்டியிருந்தது. டிக்கெட் பக்கம் பத்து விநாடி ஆடாமல் அசையாமல் நின்றது. ஜனங்கள் பொறுமையிழந்து பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள்.

போன் எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், ஒருத்தர் தனியாப் போறார், நாலு சீட்டு விழுந்திருக்கு. படுத்துக்கிட்டே போலாமான்னு கேக்கறார்."

"இடம் பத்தல. அதான்," என்ற சிக்கனம் பதினாறு என்று போட்டார். இடம் தாராளமாக இருந்தால் கூட்டவே வேண்டாமே என்பது அவர் கணக்கு. பதினாறும் ஹீப்புக்கே போனால் சர்வர் எதை வைத்து உயிர் வாழும்? மெமரி தீர்ந்ததும், அதிகம் தின்பது யார் என்று பார்த்து, அப்ளிகேஷனை ஒரே போடாகப் போட்டுவிட்டது.

மேனேஜர் வந்தார். "என்னய்யா இது? டீம் லீட் யாருன்னு இன்னிக்கு சாயந்திரம் எழுதிக் குடுக்கணும். உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். அதை அடிச்சுட்டு வேற பேர் எழுத வச்சிராதே."

அவர் நகர்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பழையபடி நாலாக்கிருங்களேன்."

"நாலா? நான் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கணும்யா!"

மெமரி பத்தாவிட்டால் டிஸ்க்கில் ஒரு பகுதியை மெமரி மாதிரி வைத்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்ல வழியுண்டு. சொன்னார். உச்சவரம்பை முப்பத்திரண்டாக்கினார். திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. ஆனால் மெமரிக்கு முன்னால் டிஸ்க் ஆமை. மதியத்துக்குள் ஒரு டிக்கெட் போட இருபது நிமிஷம் ஆனது.

"சார், டிக்கெட் வர்றதுக்குள்ள பஸ் போயிருச்சாம்" என்றாள் போன் பெண்.

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார். எட்டு வருஷம் காத்திருந்த பதவி கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இனி ஒரே வழிதான். முப்பத்திரண்டை எப்படி மேய்க்கிறார் என்று சகலையையே கேட்டுவிட வேண்டும். நாலுக்குத் திரும்புவதைவிட, போனில் ரகசியமாக ஒரு கேள்வி கேட்பது மேல். மாமனாருக்குத் தெரியவா போகிறது? மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சகலையின் எண்ணை அழுத்தினார். மச்சினிதான் எடுத்தாள்.

"அவர் இல்லையாம்மா?" என்றார் சிக்கனம், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "வேலை விஷயமா ஒரு சின்ன சந்தேகம்."

"ஐயோ மாமா, நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன், நாலுல ஒரு மனுஷன் மூணு வருஷமா ஓட்டறாரேன்னு நேத்துலேர்ந்து பொருமிட்டே இருந்தவர், காலைல எந்திரிச்சதும் தன்னோட முப்பத்திரண்டையும் நாலாக்கிட்டாராம், சர்வர் மூச்சு பேச்சில்லாமக் கெடக்காம், உங்ககிட்ட கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திட்டார்!"