பாட்டு நின்றால் தூக்கு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவனுக்கு அந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் எழுத முடியவில்லை. 'அனைவரும்' பிழை. 'நலம்' அதைவிடப் பெரிய பிழை. மிச்சம் 'இங்கு' மட்டும்தான். அதை அப்படியே விட்டுவிடுகிறேன். அக்காவின் முட்டிவலி, உங்கள் சர்க்கரை, பெரியவளின் பரீட்சை எல்லாவற்றையும் முறையாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் இதுதான்: நீங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை நான் விடப்போகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

அச்சகத்தை மூடியதும் வீட்டில் உட்கார்ந்து மளிகைப் பொட்டலத் தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "நகராட்சிப் பராமரிப்புப் பிரிவுல ஆள் எடுக்கறாங்க. கடைநிலைதான், ஆனா உள்ள நுழைஞ்சுட்டா படிப்படியா போயிடலாம்" என்றீர்கள். படி இருப்பது உண்மைதான் அத்தான். எல்லாம் இரும்புப் படி, எல்லாம் கீழே போகிற படி. முதல் நாள் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு முன்னாடி என்ன வேலை?" "பிழை திருத்துநர்." "அப்படின்னா?" "கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது." "சரி கமா, அந்தக் கடப்பாரையைத் தூக்கு." அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சாயங்காலத்துக்குள் முதுகும் அந்த வடிவத்துக்கே வந்துவிட்டது.

வேலை என்ன என்று கேட்டீர்களானால், சாலையில் குழி இருந்தால் மூடுவோம், சாக்கடை மூடியிருந்தால் திறப்போம். மூடிய குழி அடுத்த மழைக்குப் பழைய இடம் மறக்காமல் திரும்பி வரும். திறந்த சாக்கடையில் ஒருவர் இறங்கிச் சேற்றை வாளியில் நிரப்புவார், மேலே இருப்பவன் இழுத்துத் தள்ளுவண்டியில் கொட்ட வேண்டும். மேலே இருப்பவன் நான். வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே, "ஏங்க, அங்கயே நில்லுங்க, ஒரு அடி உள்ள வைக்காதீங்க" என்று வாளித் தண்ணீரை நகர்த்தி வைப்பாள். அதே வாயால் பக்கத்து வீட்டம்மாவிடம் "எங்க வீட்டுக்காரர் கவர்மெண்ட்ல இருக்கார்" என்பாள். அரசாங்கம் வாசலில் ஜட்டியோடு நின்று குளித்துக்கொண்டிருக்கும்.

கீழே இறங்குகிறவருக்குப் பெயர் 'பாட்டு'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆள் இறங்கினால் பாட ஆரம்பித்துவிடுவார். தெரிந்தது ஒரே ஒரு காதல் பாட்டு, அதையும் மூக்கால் பாடுவார். 'காத்திரு, வருவேன்' என்று ஒரு அடி வரும். அதில் 'காத்திரு'வைக் 'காதிரு' என்றுதான் பாடுவார். எனக்குப் பொறுக்குமா? குழிக்குள் தலையை நீட்டி, "அண்ணே, காத்திரு. நடுவுல ஒரு 'த்' இருக்கு, அதை முழுங்காதீங்க" என்றேன். கீழேயிருந்து பதில் வந்தது: "கமா, எறங்கி வந்து பாரு. இங்க காத்தே இல்ல, இதுல எங்கேர்ந்து காத்திரு பாடறது? காதிருதான் வரும்." இருவரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எதற்குச் சிரித்தோம் என்று இருக்கிறது.

சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது, அதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குழிப் பக்கத்தில் வைக்கிற பலகையில் 'எச்சரிகை' என்று எழுதியிருந்தது. ஒற்று இல்லாத எச்சரிக்கையை எவன் மதிப்பான்? மேஸ்திரிக்குப் போன் போட்டு அந்த ஒற்றின் அவசியத்தை விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "யோவ், மூடிட்டு வாய்யா!" என்று கத்தினார். வாயை மூடிக்கொண்டு வா என்கிறார் அவர். நான் குழி மூடியை உருட்டி, சத்தமில்லாமல் பொருத்தி, காலால் ஒரு மிதியும் மிதித்துவிட்டு வந்துவிட்டேன். பாட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைப்பு. அவர் விட்டுப்போன மண்வெட்டியை எடுக்கத் திரும்ப இறங்கியிருக்கிறார். டீக்கடைக்காரர் ஓடி வந்து, "சார், ரோடு பாடுது சார்" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வெளியே வந்த மனுஷன் என்னை ஓங்கி அறைவார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர், "என் பாட்டை மட்டமா பேசினீங்களே, பாத்தீங்களா, அதுதான் காப்பாத்திச்சு" என்று பெருமையாக டீ கேட்டார்.

அன்றுதான் மேஸ்திரி சட்டம் போட்டார். இடுப்பில் கயிறு, வாயில் பாட்டு. "பாட்டு நின்னா தூக்கு. அவ்ளோதான்." உள்ளே காற்று நல்லதா கெட்டதா என்று சொல்ல மெஷினே இருக்கிறது அத்தான், இல்லாமல் இல்லை. அலுவலக பீரோவுக்குள் உறை பிரிக்காமல் இருக்கிறது. மேலதிகாரி வருகிற நாளில் மேஜைமேல் வந்து உட்காரும், அவர் போனதும் உள்ளே போய்விடும். அதைக் கேட்டதற்கு மேஸ்திரி, "குழிக்குள்ள கொண்டு போனா அழுக்காயிடும்யா" என்றார். ஆக மெஷின் செய்ய வேண்டிய வேலையை என் காது செய்தது. பாட்டு ஒரு நாள் அடுத்த அடியை மறந்து யோசித்துக்கொண்டு நின்றார், நான் தூக்கிவிட்டேன். வெற்றிலை போட்டுக்கொண்டார், தூக்கிவிட்டேன். பாதி வாளிச் சேற்றோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு மனுஷன் என்னை வைத வசவை நான் எழுதினால் தபால்காரர் கடிதத்தை வாங்கமாட்டார். மேஸ்திரி, "இன்னொரு தடவை சும்மா தூக்கினே, உன்னைத் தூக்கிடுவேன்" என்றார். வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய தெருவில் வேலை. பாட்டு இறங்கினார், பாட ஆரம்பித்தார், வாளி வந்தது, கொட்டினேன், வாளி வந்தது, கொட்டினேன். அப்புறம் வாளி வரவில்லை. பாட்டு மட்டும் வந்தது. "வருவேன்... வருவேன்... வருவேன்..." அதற்கு மேலே போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அச்சில் ஒரே சொல் இரண்டு முறை வந்தாலே எனக்குக் கை பரபரக்கும். இது நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது, குரல் வேறு மூக்கிலிருந்து இறங்கி அடித்தொண்டைக்குப் போய்விட்டது. கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கையை எடுய்யா. பாட்டு கேக்குதா இல்லையா?" "கேக்குது." "அப்புறம் என்ன?" "தப்பாப் பாடுறாருங்க!" "அவன் என்னிக்குய்யா சரியாப் பாடினான்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவர் கையை உதறிவிட்டு இழுத்தேன் அத்தான், அந்தத் தெரு டீக்கடைக்காரரும் வந்து பிடித்தார், இழுத்தோம். மேலே வந்தவருக்குக் கண் திறந்திருந்தது. வாய் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. ஆனால் கேட் அடுத்த தெருவில். சேற்று வண்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதில் அவரைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கேட்டில் காவலாளி கை காட்டி, "குப்பை வண்டி பின்னாடி வழி" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் கேட் திறந்தது.

உயிர் இருக்கிறது. டாக்டர், மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் கொஞ்சம் அதிகம் என்றார். என்ன கேட்டாலும் "வருவேன்" என்கிறார். தண்ணி வேணுமா என்றால் வருவேன். வலிக்கிறதா என்றால் வருவேன். மேஸ்திரி பழத்தோடு வந்து கட்டிலில் குனிந்து, "எப்பய்யா டூட்டிக்கு வருவே?" என்று கேட்டார். "வருவேன்." மேஸ்திரி எங்கள் எல்லாரையும் பார்த்து, "அவனே வரேங்கறான், அப்புறம் என்ன?" என்றார். மேலிடத்துக்கு அவர் எழுதிய அறிக்கையை, "நீதான் கமாவாச்சே, பிழை பாத்துக் குடு" என்று என் கையிலேயே கொடுத்தார். 'பணியாளர் நலமாக உள்ளார். விரைவில் பணிக்குத் திரும்புவதாக அவரே தெரிவித்தார்.' ஓர் எழுத்துப் பிழை இல்லை அத்தான். 'நலமாக' என்பதைச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்யா, வேற 'ல'வா வரும்?" என்றார்.

பாட்டின் மனைவி கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "நீங்கதான் கமாவா? வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். 'என் பாட்டைத் திருத்தறான்டி ஒருத்தன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "அண்ணே, இன்னும் கொஞ்சம் முன்னாடியே தூக்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆகவே என்னால் முடியாது. இந்தக் காதை வைத்துக்கொண்டு இனி ஒரு குழிப் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. ராஜினாமாவை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், நாளைக் காலை கொடுத்துவிடுவேன். எங்காவது வாட்ச்மேன் வேலை, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலை, எதுவானாலும் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் சிபாரிசுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தேன் என்று அக்கா என்னைத் திட்டுவாள். நாலு திட்டு கூடவே திட்டச் சொல்லுங்கள், மறுக்கவில்லை. அவளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரை இல்லாமலே டீ குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மேஸ்திரியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். பாட்டு இனி எழுந்து வேலைக்கு வர முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவர் இடத்தில் அவர் மனைவியைப் போட்டிருக்கிறார்கள். "நாளையிலேர்ந்து நீயும் அந்தம்மாவும் ஜோடி. நீ வரலேன்னா அந்தம்மாதான் எறங்கணும், எனக்கு வேற ஆள் கிடையாது" என்றார். அந்தம்மாவும் கூடவே வந்திருந்தார். கயிற்றை அவர் பிடிப்பார். நான் இறங்குவேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள், வாட்ச்மேன் வேலை பார்க்க வேண்டாம். போகும்போது அந்தம்மா, "என்ன பாட்டுண்ணே பாடுவீங்க?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "கத்துக்குங்க. பாட்டு இல்லாம நான் எறங்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அத்தான், அக்காவுக்கு நிறையப் பாட்டு தெரியுமே, ஒன்றை முழுதாக எழுதி அடுத்த தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். நீளமாக இருக்கட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வராத பாட்டாக மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.