நாலு மணிக்குச் சுவர் தாண்டியவர்

என் முதல் வழக்கை எடுத்துக்கொள்வது என்று நான் வீரமாக முடிவு செய்தபோது, என் கட்சிக்காரர் பக்கத்து வீட்டுக் குழிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தார். கட்சிக்காரர் என்றால், அப்பா.

அப்பா பஸ் டிரைவர். காலை ஷிப்ட். இருபத்தாறு வருடமாக ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் நூறு அடிக்கு முன்பே பார்த்து பிரேக் போட்டவர். ஆனால் அந்தரத்தில் பிரேக் ஏது?

அவர் சுவர் தாண்டியதற்குக் காரணம் ஒரு கிரீம் பன். அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் நாலு மணிக்கு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் வாயால் வந்த அம்மாவின் உத்தரவு. அம்மா தையல் மிஷினை வாசலோரம் போட்டிருக்கிறாள். முன்வாசல் வழியாக ஈ கூட பதில் சொல்லாமல் போக முடியாது. மாடிப்படியோ கொல்லைப்புறம். அப்பா முதல் இரண்டு படியில் செருப்பைச் சத்தமாகத் தட்டுவார். பிறகு சத்தமில்லாமல் பின்சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு பிளம்பரின் தோட்டத்தைக் கடந்து, அடுத்த தெரு பேக்கரி. ஒரு பன் அங்கேயே. இன்னொன்று காகிதத்தில் சுற்றி எனக்கு. சட்டக் கல்லூரி மாணவியின் வாயை மூட அதைவிட நல்ல பொருள் கிடையாது.

அன்று பிளம்பர் குழாய் பதிக்கக் குழி வெட்டி, மேலே ஒரு சாக்கை விரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். சாக்கு அப்பாவைத் தாங்கவில்லை.

கணுக்கால் பூசணிக்காய் ஆனது. கைத்தாங்கலாக அழைத்து வரும்போதே பேசி வைத்துக்கொண்டோம். மாடியிலிருந்து துண்டு பறந்துவிட்டது, எடுக்கச் சுவர் தாண்டினார். ஒரே ஒரு துண்டு. ஒரே ஒரு தடவை.

அம்மா நம்பினாள். நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தாள். அப்பா முகத்தில் அப்படி ஒரு சுகம். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"பிளம்பர் மேல கேஸ் போடலாம்மா."

"எதுக்கு? அவர் வீட்டுல அவர் குழி. இவர் எதுக்கு அங்க போனார்?"

"அத்துமீறி நுழைஞ்சவனும் மனுஷன்தான்! அவனுக்காகவும் சொந்தக்காரன் கொஞ்சம் கவனமா இருக்கணும்னு சட்டமே சொல்லுது."

"நல்லாயிருக்கே நியாயம்! நாளைக்குத் திருடன் வந்தா, தடுக்கி விழுந்துடுவான்னு லைட் போட்டு வைக்கணுமா?"

ரத்தம் கொதித்தது. இதே கேள்வியைக் கேட்ட பேராசிரியரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டவள் நான்.

"உட்கார வெச்சு உபசரிக்கச் சொல்லலைம்மா. ஆபத்து இருக்குன்னு தெரியும், ஆள் வருவான்னும் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது அநியாயமில்லையா?"

"விட்டுடும்மா, பெரிய மனசு பண்ணு," என்றார் அப்பா என்னிடம் அவசரமாக.

அம்மா விடவில்லை. "ஆள் வருவான்னு அவருக்கு எப்படிடி தெரியும்? இந்தத் தொப்பையோட ஒருத்தர் அவ்வளவு உயரச் சுவரைத் தாண்டுவார்னு எவன் எதிர்பார்ப்பான்? இன்னைக்கே தாண்டினாரா, உருண்டாரான்னு எனக்குச் சந்தேகம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு, நானா? ஏழு மாசமா தாண்டறேன்! ஒரு தடவை கை வழுக்கினதில்லை!"

"கேட்டியா!" நான் மேஜையைத் தட்டினேன். "ஏழு மாசம்! பிளம்பருக்குத் தெரியாம இருக்குமா?"

"தினமுமா?"

"தினமும்! ஞாயித்துக்கிழமை தவிர!" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் இல்லை?"

"அன்னைக்கு பேக்கரி லீவு," என்றார் அப்பா, இன்னும் வீரம் இறங்காமல்.

தைலம் தேய்த்த கை நின்றது. ஜெயித்துவிட்ட களிப்பில் எனக்கு மட்டும் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"பிளம்பருக்குத் தெரியும்," என்றாள் அம்மா நிதானமாக. "காலையிலேயே வந்து சொன்னார். 'அக்கா, குழி வெட்டறேன், அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க'ன்னு."

அப்பா அலறினார். "அடிப்பாவி! ஏன் என்கிட்ட சொல்லலை?"

"மொட்டை மாடியில நடக்கிற மனுஷருக்கு அடுத்த வீட்டுக் குழி எதுக்குங்க?"

நான் சட்டப்புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். கடைசி ஆயுதமாக, "தெரிஞ்சவ சும்மா இருந்ததும் தப்புதான்" என்றேன்.

"யாரு சும்மா இருந்தா? ஆழம் எவ்வளவுன்னு கேட்டேன். இடுப்பளவுன்னார். அடியில நாலு சட்டி மணல் கொட்டச் சொன்னேன். அதான் கால் வீங்கினதோட போச்சு."

அத்துமீறுபவருக்காகச் சட்டம் கேட்கும் கருணை அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் நானே தள்ளுபடி செய்வேன். அப்பா அவளையே பார்த்தார். "மணல் கொட்டச் சொன்னியா?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபத்தைக் காணோம். காலை இன்னும் கொஞ்சம் வசதியாக மடியில் நீட்டிக்கொண்டார். அம்மா மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். இந்த ஜோடிக்கு வக்கீல் தேவையில்லை.

மறுநாள் நாலு மணி. கட்டுப் போட்ட காலோடு அப்பா என்னைப் பாவமாகப் பார்த்தார். பாதி பன் போதும் என்று சைகை காட்டினார். வாசலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் படியில் செருப்பைத் தட்டிவிட்டு, பின்சுவரில் ஒரு காலைப் போட்டேன்.

குழியோரம் ஒரு பலகை நடப்பட்டிருந்தது. 'குழி உள்ளது. அண்ணன் கவனிக்கவும்' என்று பிளம்பர் எழுதியிருந்தார்.

அதன் கீழே, துணியில் அளவு குறிக்கும் சுண்ணாம்புக் கட்டியால், அம்மாவின் கையெழுத்தில்: 'மகளும்.'