நூறு சதவீதம் தூக்கம்

அழைப்புமணிப் பெட்டி செத்துக் கிடந்தது. சாகும்போதும் பேட்டரி நூறு சதவீதம் என்று காட்டிவிட்டுத்தான் செத்தது.

வாசலில் யார் பொத்தானை அழுத்தினாலும் சத்தமே வராது. மகராசன் மேசையில் ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். இரவு முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நிற்கும் மனைவி பகலில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே என்று அவனே செய்தது.

நேற்று அவள் சொல்லியிருந்தாள்: "வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். இனியும் தூக்கம் கெட்டா வேலை போயிரும்."

இன்று காலையில் வேலை முடிந்து அவள் வரும் சாவிச் சத்தம் கேட்டது. பெட்டியைப் பிரித்து அதன் சர்க்யூட் பலகையில் கண்ணை நட்டிருந்தவன் திரும்பிப் பார்க்காமலே "ம்" என்றான்.

இப்போது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. திரைச்சீலை வழியே மஞ்சள் வெளிச்சம் கசிய, வீடே பாதிக் கனவில் மிதந்தது. வீட்டில் மிச்சமிருந்த பாதி தீர்ந்த பேட்டரியை மாட்டினான். அதற்கும் நூறு!

யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. பெட்டி அந்தப் பேட்டரியையே அளவுகோலாக வைத்து அந்தப் பேட்டரியையே அளந்துகொண்டிருந்தது. தன்னைத் தானே அளந்துகொண்டால் யாருக்குத்தான் குறையும்? தனக்குள் சிரித்தபடி சிப்புக்குள்ளேயே இருக்கும் மாறாத வோல்டேஜை அளவுகோலாக்கினான். பெட்டி உண்மை பேசியது: நாற்பது.

உண்மையின் ருசி அவனை விடவில்லை. நொடிக்கொரு தரம் அளக்கச் சொன்னான். அளந்து அளந்தே பேட்டரி இறங்கியது. முப்பது, இருபது. இறங்கினால் எச்சரிக்கட்டும் என்று குட்டி பஸ்ஸர் ஒன்றை வைத்தான். அது உடனே "பீப்" என்றது. பஞ்சை அடைத்தான், அடங்கவில்லை. அவசரத்தில் தப்பான ஒயரைப் பிடுங்க, விடாமல் ஊளையிடத் தொடங்கியது. போச்சுடா!

பெட்டியைத் துண்டில் சுருட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவில் காதை வைத்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லையே, பாவம், எவ்வளவு களைத்திருக்கிறாள்! அவள் மேல் அப்படியொரு அன்பு பொங்கியது. அங்கேயே உட்கார்ந்தவனுக்குக் கண் சொக்கியது.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். துண்டுக்குள் ஊளையிடும் பெட்டியோடு பாய்ந்து போய்த் திறந்தான். மாடி வீட்டு அக்கா.

உதட்டில் விரலை வைத்து, "மெதுவாக்கா, உள்ள தூங்குறா" என்றான்.

"யாரு? நீ பெட்டியப் பிரிச்சு உக்காந்திருக்கறதப் பாத்துட்டு அவ காலையிலயே தலகாணியோட வந்து எங்க வீட்டுல படுத்துட்டா தம்பி. இந்தச் சத்தம் மாடிக்கும் கேக்குது, நிறுத்தச் சொல்லி அவதான் என்னை அனுப்பினா."